வெள்ளைச் சேலைக்கு முன்னும் பின்னும்

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டியில் என் மகள் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேசுகிறாள். கணவர் கிட்டப்பா போனதும் 25 வயதிலேயே வெள்ளைச் சேலை கட்டி, கடைசிவரை அப்படியே வாழ்ந்தாரே, அதுதானே அவருடைய பெருமை? அதை வைத்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சரியில்லை அம்மா. கொடுத்த தாளைத் திரும்ப வாங்குங்கள்.

கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். நாடகக் கம்பெனியில் சேர்ந்து, இலங்கைவரை போய்ப் பேர் வாங்கினார். 1926-இல் அங்கே நாடகப் பாடகர் கிட்டப்பாவோடு மேடையில் ஜோடி சேர்ந்தபோதே அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. மைக் இல்லாத மேடை. விடியவிடிய நாடகம். கூட்டத்தின் கடைசியில் தரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர் காதிலும் பாட்டின் வார்த்தை தெளிவாக விழ வேண்டும். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தர்க்கம் என்று பாட்டாலேயே வாதம் நடக்கும்; அதில் எதிரே நிற்பவர் திடீரென்று பாட்டிலேயே ஒரு கேள்வியைப் போடுவார். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வள்ளி அந்த இடத்திலேயே பாட்டால் மடக்க வேண்டும். வெவ்வேறு இடத்து நடிகர்கள் ஒரு ராத்திரிக்காகச் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையும் கிடையாது. கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு எதிரே அப்படி நின்று பாடியவர் அவர். உங்கள் மகள் இதைச் சொல்ல வேண்டாமா?

1927-இல் கல்யாணம், 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைவு. அந்தத் துக்கம் நிஜம். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்ததும் நிஜம். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் 46 வருஷத்துக்கு மேல் இருந்தாரே! 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். உங்கள் ஊரில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற சிதம்பரத்தைப் பார்க்க ஏங்கித் தவித்த ஒரு பண்ணையாளின் குரல், ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. பிறகு சட்ட மேலவை உறுப்பினர், 1953-இல் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகார்’ கவுந்தியடிகள், 1970-இல் பத்மஸ்ரீ. ‘திருவிளையாடல்’ படத்தில் ‘பழம் நீயப்பா’ பாடியபோது வயது 57-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனைக் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்கு அதைப் போட்டால், இஸ்திரி போடுகிறவர் இன்றும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நிற்கிறார்.

‘வள்ளி திருமணம்’ எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் இங்கே புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேச்சை அங்கே உட்கார்ந்து புதிதாக எழுதட்டும். வெள்ளைச் சேலை மூன்றாம் பக்கத்தில் வந்தால் போதும்.