முழங்காலைக் காட்டுகிறான், பழுது இடுப்பில் இருக்கலாம்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஒன்றரை மாதமாக, விளையாடி முடித்ததும் வலது காலை விந்தி விந்தி நடக்கிறான். எங்கே வலிக்கிறது என்றால் முழங்காலைக் காட்டுகிறான். காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வளர்ச்சி வலிதான், தானாகப் போய்விடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் ராத்திரியில் வரும். காலையில் பிள்ளை வழக்கம்போல ஓடுவான். விந்தி நடக்க மாட்டான். ஒரே காலில், வாரக்கணக்கில், நடையே மாறியிருக்கிறது என்றால் அது வேறு.

இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் சில முழங்காலுக்கும் போகின்றன. அதனால் இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாகத் தெரியும். பையன் இடத்தை மாற்றிச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அங்கேதான் வலிக்கிறது. குழந்தை முழங்கால் வலி என்றால் இடுப்பையும் பார் என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடம். ஆனாலும் முழங்காலை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்குங்கள். முழங்காலை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்துங்கள். இடது கால் போகிற அளவுக்கு வலது கால் போகாமல் நின்றாலோ, அவன் முகம் சுளித்தாலோ, சந்தேகம் இடுப்பு மேல்தான். தாராளமாகப் போனாலும் படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு இடுப்பும் சேர்ந்து தெரியும்படி ஒரு நேர்ப்படம், அப்புறம் கால்களைத் தவளைபோல விரித்து இன்னொரு படம். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள், நேர்ப்படத்தில் தப்புவது பல நேரம் அதில் அகப்படும்.

இந்த வயதுப் பையனுக்கு நான் முதலில் நினைப்பது பெர்தஸ் நோய். 4 முதல் 8 வயதில் அதிகம்; பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்குச் சுமார் நான்கு மடங்கு. தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அங்குள்ள எலும்பு செத்து, மெத்தென்று ஆகிவிடுகிறது. பிறகு உடலே அதைக் கரைத்துப் புது எலும்பு கட்டுகிறது. இதற்கு 2 முதல் 4 வருடம் ஆகும். ஏன் ரத்த ஓட்டம் குறைகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

செத்த எலும்பை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. மெத்தென்று இருக்கும் காலத்தில் பந்து நசுங்காமல், இடுப்பெலும்பில் அது பொருந்தும் கிண்ணத்துக்குள் உருண்டையாகவே உட்கார்ந்திருக்கச் செய்வதுதான் சிகிச்சை. 6 வயதுக்குள் தொடங்கினால் குதிப்பதைக் குறைத்து, இடுப்பு இறுகாமல் பயிற்சி செய்து, அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தாலே பலருக்கும் போதும். 8 வயதுக்கு மேல் என்றால் எலும்பை வெட்டித் திசை திருப்பும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும். உங்கள் மகன் நடுவில் நிற்கிறான். அதனால்தான் இந்த அவசரம்.

சளிக் காய்ச்சலுக்குப் பின் வரும் தற்காலிக இடுப்பு வீக்கமும் இப்படித்தான் விந்த வைக்கும். ஆனால் அது ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஒன்றரை மாதம் அதற்கு அதிகம். 10 வயதைத் தாண்டிய, கொஞ்சம் எடை கூடிய பிள்ளைக்கு இதே வலி என்றால் எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் பந்து வழுக்கியிருக்கலாம். அந்தப் பிள்ளையை நடக்கவே விடக் கூடாது. அன்றே மருத்துவமனை, பெரும்பாலும் திருகாணி போட்டு நிறுத்துவார்கள்.

உங்கள் மகனுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து, காலை ஊன்றவே மறுத்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது விடியட்டும் என்று இருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

படம் எடுக்கும்வரை ஓட்டம், குதி வேண்டாம். சுளுக்கு என்று யாரும் காலை இழுத்து நீவவும் வேண்டாம். போகும்போது பழைய முழங்கால் படத்தையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அவன் விந்தி நடப்பதை மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளைகள் நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள்.