ஆட்ரா மெக்டொனால்ட் வாங்கின 6 டோனி ஏன் அவ்ளோ பெரிய விஷயம்?

ஆட்ரா அமெரிக்க மேடை நடிகை, பாடகி. டோனிங்கிறது நியூயார்க் பிராட்வே மேடை நாடகங்களுக்குக் குடுக்கிற அவார்டு, சினிமாவுக்கு இல்ல. நடிப்புக்கு மட்டும் பொம்பளைங்களுக்கு நாலு பிரிவு இருக்கு, வசன நாடகத்துல மெயின் ரோல், துணை ரோல், அதே மாதிரி மியூசிக்கல்ல, அதாவது பாட்டு நாடகத்துல ரெண்டு. இந்த நாலுலயும் ஜெயிச்ச ஒரே ஆள் ஆட்ராதான், 1994ல கேரோசல்ங்கிற மியூசிக்கல்ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் 6 தடவை, போட்டில ஜெயிச்ச நடிப்பு டோனில இதுதான் ரெக்கார்டு.

ஏன் கஷ்டம்னா பாட்டும் வசனமும் வேற வேற திறமை. ஒருத்தரே டெஸ்ட்லயும் ஒன்டேலயும், பேட்டிங் பௌலிங் ரெண்டுலயும் பெஸ்ட்டுன்னு பேர் வாங்குற மாதிரி. அவங்க ஜூலியார்ட்ங்கிற நியூயார்க் இசை, நாடகப் பள்ளில படிச்சது கிளாசிக்கல் பாட்டு, அந்தக் குரல வச்சே நிம்மதியா காலம் தள்ளியிருக்கலாம், ஆனா எ ரெய்சின் இன் த சன் மாதிரி பாட்டே இல்லாத நாடகத்துலயும் போய் நின்னு 2004ல ஜெயிச்சாங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது. கடைசியா ஜெயிச்சது ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவா நடிச்சதுக்கு, அதுல நெறைய பாடுறாங்க, ஆனாலும் அவார்டு நாடகப் பிரிவுலதான். ஒபாமா கையால அமெரிக்க அரசோட கலை விருதான நேஷனல் மெடல் ஆஃப் ஆர்ட்ஸும் வாங்கியிருக்காங்க.

நெறைய பேர் இவங்க எம்மி (டிவி), கிராமி (இசை), ஆஸ்கர் (சினிமா), டோனி நாலுமே வாங்கிட்டாங்கன்னு நினைக்கிறாங்க, அது தப்பு, ஆஸ்கர் இன்னும் வாங்கல.