வேகாத பயறு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வீட்டில் சமைப்பது எனக்குப் பிடிக்கும். பெரிய கைகாரி அல்ல. ஆறேழு பண்டங்களைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன். அவற்றில் ராஜ்மாவும் தக்காளியும் சேர்த்து வைக்கும் குழம்பு ஒன்று எனக்கு உயிர். வாரத்துக்கு ஒருமுறையாவது அடுப்பில் ஏறிவிடும். அதைச் சாப்பிட்ட தோழி ஒருத்தி செய்முறை கேட்டாள். நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன்: "ராஜ்மாவை இரவே ஊறப் போடு. மறுநாள் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றி, வதக்கிய வெங்காயம், தக்காளி, பூண்டு சேர்த்து நன்றாக வேகவிடு. வெந்ததும் கொஞ்சம் மசித்து விடு. உப்பு பார்த்துக்கொள்."

இரண்டு மணி நேரம் கொதித்தும் பயறு கல்லாகவே இருந்ததாம். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் மானம் போனது என்றாள். "நீ ஏதோ ஒன்றை மறைத்துவிட்டாய்" என்றும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் எதையும் மறைக்கவில்லை. அதன்பிறகு யார் செய்முறை கேட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறேன். கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதுதானோ?

இன்னொன்று. நான் சமைத்ததை நானே ரசித்துச் சாப்பிடுவதை வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆனால் விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும் அந்த ரசனை எனக்கு வருவதே இல்லை. மறுநாள் மிச்சத்தைச் சாப்பிடும்போதுதான் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றுகிறது. இது ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரி. நீங்கள் ஒன்றை மறைத்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

உங்கள் நான்கு வரிகளை மறுபடி படித்துப் பாருங்கள். ராஜ்மாவும் தக்காளியும் ஒரே நேரத்தில் பாத்திரத்தில் விழுகின்றன. தோழி அப்படித்தான் செய்திருப்பார். நீங்கள் அப்படிச் செய்வதில்லை என்று பந்தயம் கட்டுகிறேன். அடுத்த முறை சமைக்கும்போது உங்கள் கையை நீங்களே வேவு பாருங்கள். பயறு தனியாக வெந்துகொண்டிருக்கும். இடையில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்குவீர்கள். அது குழைந்த பிறகுதான் தக்காளி உள்ளே போகும். நூறு முறை செய்ததால் அந்த நசுக்கல் உங்களுக்கு ஒரு வேலையாகவே தெரிவதில்லை. ஆகவே எழுதவும் தோன்றவில்லை.

காரணம் எளியது. பயற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. பழ ஜாமை உறைய வைப்பதும் அதுதான். வெந்நீரில் அந்தப் பசை இளகிக் கரைவதைத்தான் நாம் வேகுதல் என்கிறோம். நீரில் புளிப்பு ஏறினால் பசை கரைய மறுக்கிறது. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே கட்சி. பயறு குழைந்தபின் சேர்த்தால் அவை நண்பர்கள். முன்பே சேர்த்தால் எதிரிகள். அதிகம் குழைந்து கூழாகிவிடக் கூடாது என்று நினைக்கும் பண்டத்தில் இதே புளிப்பைக் கொஞ்சம் முன்னதாகச் சேர்த்து நன்மையாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

வேறு இருவர் மீதும் சந்தேகப்படலாம். கடின நீர் ஒருவர்; அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்கிவிடும். இன்னொருவர் வயது. வெப்பமும் ஈரமும் உள்ள அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் முழுதாக இளகாது. ஆனால் காலங்காலமாகப் பழி சுமக்கும் உப்பை மட்டும் விடுதலை செய்துவிடலாம். உப்பு போட்டால் பயறு வேகாது என்பார்கள். உண்மையில் உப்பு நீரில் ஊறிய பயற்றின் தோல் நன்றாகவே மென்மையாகிறது. சோடியம் போய் அங்கிருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் குறிப்பில் இன்னொரு வரியும் இல்லை. சுவைக்காக அல்ல, உடம்புக்காகச் சொல்கிறேன். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த நஞ்சு ஒன்று இருக்கிறது. ஊறிய நீரைக் கொட்டச் சொன்னது நல்லது. ஆனால் புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். 30 நிமிடம் என்றால் கவலையே இல்லை. கொதிநிலையைத் தொடாமல் மெல்லச் சூடேற்றும் மின்பாத்திரத்தில் பச்சையாக ஊறிய ராஜ்மாவை நேராகப் போடுவது ஆபத்து. அரைவேக்காட்டில் அந்த நஞ்சு வேகவைக்காத ராஜ்மாவில் இருப்பதைவிட மோசமாகலாம். செய்முறை கொடுப்பவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

இனி கைப்பக்குவத்துக்கு வருகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சமையல் தெரிந்தவர்கள் ஒரு புன்னகையோடு அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்டவருக்குக் கிடைப்பது வெறும் பிரமிப்பு. ஒரு வாய்க்கு ஆகாது. என் அனுபவத்தில், பக்குவம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி காதும் மூக்கும் விரலும் கவனித்து வைத்த அடையாளங்கள்தாம். அவற்றைச் சொற்களாக்கச் சோம்பல்படுகிறோம்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். "ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதியவர்களில் எத்தனை பேர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள்? வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். நீர் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நிறமும் மணமும் தரும் மாற்றமோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விளக்கிய வினை அது. அவர் பெயராலேயே வழங்குகிறது. எனவே முதலில் நீர் வெளியேற வேண்டும். நன்றாகப் பழுப்பேறிய வெங்காயம் வேண்டுமானால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதைக் கடிகாரத்தைவிடக் காது நன்றாகச் சொல்லும். ஈரம் இருக்கும்போது இரைச்சல் பெரிதாக இருக்கும். ஈரம் வற்ற வற்ற அது ஒடுங்கி, மெல்லிய பொரிசத்தமாக மாறும். அந்த இடத்திலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. "ஐந்து நிமிடம்" என்பதற்குப் பதில் "சத்தம் அடங்கும் வரை" என்று எழுதினால் எந்த அடுப்புக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும்.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன். நாலு பேருக்குச் செய்து பெயர் வாங்கிய ஒரு பண்டத்தை ஒருமுறை பன்னிரண்டு பேருக்குச் செய்யப் புகுந்தேன். எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினேன், கணக்கில் புலி மாதிரி. வெங்காயம் மூன்று மடங்கு, எண்ணெய் மூன்று மடங்கு. பாத்திரம் மட்டும் அதே பாத்திரம். குவிந்து கிடந்த வெங்காயத்திலிருந்து ஆவி வெளியேற வழியில்லை. அது தன் நீரிலேயே வெந்து, வெளிறி, துவண்டு போனது. பொறுமை இழந்து அடுப்பைக் கூட்டினேன். அடியில் கருகியது, மேலே வெளுத்தே இருந்தது. அன்று வந்தவர்கள் நாகரிகமானவர்கள், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்கள். இப்போதெல்லாம் செய்முறையில் பாத்திரத்தின் அகலத்தையும் எழுதுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நிக்கலஸ் குர்ட்டி என்ற இயற்பியலாளர் 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறை இயற்பியல் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். வெள்ளிக் கோளின் காற்றுமண்டல வெப்பத்தை அளக்கத் தெரிந்த நமக்கு நம் அடுப்பில் வேகும் பண்டத்தின் உள்ளே நடப்பது தெரியவில்லையே என்று அங்கலாய்த்தவர் அவர்.

"உப்பு பார்த்துக்கொள்" என்ற வரிக்கும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. எதைப் பார்ப்பது? ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம். அதே கரண்டியில் கல்லுப்பைப் போட்டால் இடைவெளி விழுந்து எடை குறையும். வீட்டுக்கு வீடு கரண்டியும் வேறு. சிறிய தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீரும்: பண்டத்தின் மொத்த எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பெரும்பாலான நாக்குகளுக்கு ஒத்துவரும் தொடக்கம். அதைவிடச் சற்றுக் குறைத்துப் போட்டுவிட்டு, இறக்கும் முன் சுவைத்துக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, விருந்து நாளில் ருசி தெரியாத மர்மம். அதில் மர்மம் எதுவும் இல்லை, உங்கள் மூக்கு களைத்துவிட்டது, அவ்வளவுதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். இரண்டு மணி நேரம் அதே மணத்துக்குள் நிற்கும் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. கதவைத் திறந்து உள்ளே வரும் விருந்தாளிக்கு "ஆகா" என்றிருக்கும். சமைத்தவருக்கு வெறும் சூடு மட்டுமே தெரியும். இதனால் ஒரு கெடுதலும் உண்டு: ஒன்றும் ஏறவில்லையே என்று கடைசி நேரத்தில் காரத்தையும் மசாலாவையும் அள்ளிப் போடுகிறோம். பரிமாறும் முன் பத்து நிமிடம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து சுவையுங்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் நிற்பேன். பாதிச் சமையலில் காணாமல் போகிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு.

மறுநாள் உங்கள் மூக்கு தெளிந்துவிடுகிறது. குழம்பும் மாறியிருக்கிறது. உப்பும் காரமும் பயற்றின் நடு வரைக்கும் ஊறியிருக்கின்றன. மசிந்த மாவுச்சத்து ஆறிக் கெட்டிப்பட்டிருக்கிறது. பூண்டின் முரட்டு மணமும் அடங்கியிருக்கிறது. எல்லாப் பண்டத்துக்கும் இது பொருந்தாது. சமைத்த இறைச்சியின் கொழுப்பு காற்றுப்பட்டு ஒரு பழைய வாடையைப் பிடித்துக்கொள்ளும். பொரித்ததன் மொறுமொறுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் குழம்பு மறுநாளுக்கென்றே பிறந்தது. விருந்துக்கு அதை முதல் நாளே செய்து, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் கொதிக்கச் சூடாக்கி, நீங்களும் விருந்தாளியைப் போல உட்கார்ந்து சாப்பிடலாம். வீட்டில் கேலி செய்கிறவர்கள் தட்டை வழித்துவிட்டுத்தானே கேலி செய்கிறார்கள்? பிறகென்ன.

தோழியிடம் போய், மறைத்தது எது என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒருநாள் அவர் சமையலறையிலேயே சேர்ந்து செய்யுங்கள். நீங்கள் கரண்டியைத் தொட வேண்டாம். அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று "இப்போது நசுக்கிப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும் ஒவ்வோர் இடமும் உங்கள் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் அதில் உங்களுக்குப் பிடிக்காத எதையாவது சேர்ப்பார், நிச்சயம் சேர்ப்பார். சேர்த்துவிட்டு அது இன்னும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார். அந்த நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். சில சமயம் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் ஒரு கிண்ணம் ராஜ்மாவை உப்பு நீரில் ஊறப் போட்டுவிட்டு வந்தேன். நாளைக் காலை அடுப்பேற்ற வேண்டும். வெங்காயம் எத்தனை என்று நீங்கள் எழுதவே இல்லையே?

அன்புடன்.