சாந்திவனத்து மாலை வழிபாடு: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் இருக்கிறது சாந்திவனம் எனும் சச்சிதானந்த ஆசிரமம். 1950இல் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் தொடங்கிய கத்தோலிக்கத் துறவு மடம். என் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அங்கே போய்வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில் ஒரு இரவு தங்குகிறோம். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. மாலை வழிபாட்டில் உட்காருவார்களா அக்கா?

பெண் உட்கார்ந்துவிடுவாள். பையன் பாட்டு இருக்கும்வரை உட்காருவான். பஜனையை ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதே வரி திரும்பத் திரும்ப வருவதால் புத்தகம் இல்லாமலே சின்னவர்கள் வாய் அசைக்கத் தொடங்கிவிடுவார்கள். வாசகம் படிக்கும்போதுதான் நெளிவார்கள். அந்த நேரத்தில் மடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆரத்தி. கற்பூரச் சுடரைத் தொட்டு ஒற்றிக்கொள்ள தன் முறை வரும் என்று முன்பே சொல்லி வையுங்கள், அதற்காகவே காத்திருப்பான். கீழே உட்காருவதுதான் வழக்கம். மதியம் கொஞ்சம் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

நாங்கள் சைவக் குடும்பம். அங்கே திருநீறு தருவார்களாமே? மகள் கேட்டால் என்ன சொல்வது?

ஆமாம், தருவார்கள். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு என்பது அங்குள்ள முறை. அழுக்கெல்லாம் எரிந்தபின் மிஞ்சும் தூய்மை என்று அவர்கள் பொருள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் சொல்வதிலிருந்து ரொம்ப தூரமில்லை, அதையே மகளிடம் சொல்லுங்கள். 1968இல் அங்கு வந்து, 1993இல் மறையும்வரை வழிநடத்திய ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், மாலை வழிபாட்டில் விவிலியத்தோடு தமிழ் அடியார்களின் பாடல்களுக்கும் இடம் வைத்திருந்தார். மாணிக்கவாசகரை அந்தக் கோயிலில் முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையில் நடப்பது பாடலும் செபமும்தான், திருப்பலி எனும் கத்தோலிக்கப் பூசை அல்ல. அதனால் அந்தப் பூசையில் தரும் புனித அப்பமான நற்கருணையை வாங்கலாமா கூடாதா என்ற தயக்கமும் வேண்டாம்.

நடுவில் அழுதால்?

தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இதற்காகவே நான் எப்போதும் பின்னால், ஓரமாக உட்காருவேன். என் மகன் மூன்று வயதில் ஓவென்று அழுதான். வெளியே மரத்தடியில் நின்றே மீதிப் பாட்டைக் கேட்டோம். அடங்கியதும் திரும்ப உள்ளே போனோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. வாயை மூட பிஸ்கட், கைபேசி இரண்டும் வேண்டாம். இருட்டில் அந்தத் திரை வெளிச்சம் எல்லார் கண்ணையும் இழுக்கும்.

வழிபாட்டுக்கு முந்தைய தியானத்துக்கும் கூட்டிப் போகலாமா?

சின்னப் பிள்ளைகளை வேண்டாம். பெரியவர்கள் இருவரும் முறை வைத்துப் போய்வாருங்கள்.

ஒரு பாட்டையாவது பதிவு செய்துகொள்ளலாமா?

நான் செய்வதில்லை. ஆசை இருந்தால் ஆசிரமத்தில் கேட்டு, சரி என்றால் மட்டும் செய்யுங்கள். வீடு திரும்பிய வாரமெல்லாம் பிள்ளைகளே பாடிக்காட்டுவார்கள்.

வழிபாட்டுக்கு முன் காவிரியில் குளிக்க வைக்கலாமா?

கரையில் நின்று பார்க்க மட்டும் விடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது, மேலே அணையில் திறந்துவிட்டால் நீர் சட்டென்று ஏறும். கையை விடாதீர்கள். அறையிலேயே குளிப்பாட்டி, முழுக்கை சட்டை போட்டுவிடுங்கள், ஆற்றங்கரை ஆனதால் மாலையில் கொசு உண்டு. மணி அடித்ததும் கிளம்பினால் பின்வரிசையில் இடம் கிடைக்கும்.