உளவு அமைப்பின் பொய்ச்செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்?

நாட்டுக்கு நாடு மாறும். எனக்குத் தெரிந்ததில் சுவையான கதை செக்கோஸ்லோவாக்கியாவுடையது. 1964-இல் அதன் ரகசிய போலீஸ், பொய்ச்செய்திக்கென்றே தனித் துறை தொடங்கியது. அதில் சேர்ந்த லாடிஸ்லாவ் பிட்மனுக்கு முக்குளிக்கத் தெரியும். சரி, இறங்கு என்று விட்டுவிட்டார்கள்! அந்நாட்டிலுள்ள கருப்பு ஏரியின் அடியில், நாஜிக் காலத்தவை போலத் தோன்றும் பெட்டிகளைப் போட்டார்கள். உள்ளே வெறும் வெள்ளைத்தாள். அப்புறம் டிவி குழு படம்பிடிக்க வந்தபோது, தற்செயலாகக் கிடைத்ததுபோல 'கண்டெடுத்தார்கள்'. பழைய நாஜிக் குற்றங்களைக் கிளறி மேற்கு ஜெர்மனியைச் சங்கடப்படுத்துவதுதான் நோக்கம். பெட்டிகளில் இருந்ததாகப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய நாஜி ஆவணங்கள், பிறகு மாஸ்கோவிலிருந்து வந்தவை. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை அசல். ஏரியில் கிடைத்தது என்பதுதான் புளுகு. பிட்மன் 1968-இல் மேற்கே தப்பிப்போய், பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இந்தப் பித்தலாட்டத்தையே பாடமாக நடத்தினார்.