மூழ்கிப்போன காப்பு

வணக்கம் ஐயா.

உங்கள் நாவலை இரண்டாம் தரமும் வாசித்தேன். தங்கச்சிக்கென்று வைத்திருந்த வளவை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி வெளிநாடு போன அண்ணன், இருபத்தைந்து வருசம் கழித்து வருகிறார். குசினி வாசலில் நின்று "நான் செய்தது பிழை" என்று தொடங்குகிறார். அவளோ மீன் வெட்டிக்கொண்டே இருக்கிறாள். பதிலே இல்லை. அதோடு முடித்துவிட்டீர்கள். மாதம் தவறாமல் காசு அனுப்பிய மனுசன், வீட்டுக்கு மதிலும் கட்டிக் கொடுத்தவர். அவருக்கு ஒரு மீட்சி கிடையாதா? அவளை மன்னிக்க விட்டிருக்கலாம்.

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

"மாதம் தவறாமல் காசு அனுப்பிய மனுசன்" என்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

மீட்கிறது என்ற சொல் எனக்கு அடகுக் கடையில்தான் அறிமுகம். நான் கெம்பஸ் போன வருசம் சின்னம்மா தன் காப்புச் சோடியை ஈடு வைத்தார். வட்டி கட்டினோம், கட்டினோம், கட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் தவணை தவறி, காப்பு மூழ்கிப்போனது. வேலை கிடைத்த பிறகு அதே பவுணில் ஒரு சோடி வாங்கிக்கொண்டு போனேன். பெரிய மனிதனாகிவிட்ட நினைப்பு வேறு. கையில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவா இருக்கு மனே. அது அம்மாட காப்பு" என்றார். கோபமே இல்லாத குரல். அடுத்த கிழமை போனபோது அந்தச் சோடி அவர் மகளின் கையில் கிடந்தது.

அண்ணன் அனுப்பியதெல்லாம் வட்டி. முதல் அப்படியே கிடக்கிறது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு வளவு பெண்ணுக்கு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்கள் இதை ஒரு காணித் தகராறாக வாசிக்கிறார்கள். அந்த வளவோடு போனது அவளுடைய கலியாணம். தன் வாசலில் தானே விளக்கேற்றி, வருகிறவனை வா என்று சொல்லியிருக்கக்கூடிய வாழ்க்கை. இப்போது அவளுக்கு ஐம்பது வயது. மதில் எதற்கு?

இப்போது வரும் குடும்ப நாவல்கள் பலவற்றில் எனக்கு இதுதான் சலிப்பு. குற்றம் செய்தவர் கடைசி அத்தியாயத்தில் விமானத்தில் வந்து இறங்குகிறார், கண் கலங்குகிறார், பாதிக்கப்பட்டவள் கட்டிப்பிடித்து அழுகிறாள். அன்றைக்குக் காணியைக் கொடுத்தவளே இன்றைக்கு மன்னிப்பையும் கொடுக்க வேண்டும். அவர் நிம்மதியாகத் திரும்பிப் போவார். நாமும் புத்தகத்தை மூடி வைப்போம்.

இயன் மக்கியூவன் 2001இல் எழுதிய 'அடோன்மென்ட்' இதில் நேர்மையான நாவல். சிறுமியாக இருந்தபோது சொன்ன ஒரு பொய்யால் அக்காவையும் அவள் காதலனையும் பிரித்தவள், கிழவியான பிறகு அவர்களைச் சேர்த்து வைத்துக் கதை எழுதுகிறாள். உண்மையில் இருவரும் 1940இலேயே செத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஆளில்லை, அதனால் ஆளை எழுத வேண்டியிருக்கிறது. இன்னும் அவ்வளவு தூரம் போவானேன், புதுமைப்பித்தன் 1943இலேயே 'சாபவிமோசனம்' எழுதிவிட்டார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். கிடைத்த விமோசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நான் அதை வாசிப்பேன்.

சரி, புத்தகங்களை விடுவோம். நீங்கள் வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டிருப்பீர்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். ஒரு மனுசனின் குற்றவுணர்வு இதற்குமேல் என்ன செய்யும்? ஆனாலும் மதுரை எரிந்தது. அவன் செத்ததில் கண்ணகியின் சூடு ஆறவில்லை. அந்தச் சூட்டை ஆற்ற நாங்கள் குளிர்த்தி பாடுவதும் அவளுக்குத்தான். அதுவும் ஒரு தரம் பாடி முடிகிற காரியமில்லை, வருசா வருசம் பாட வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் அந்த வேப்பிலைத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்போது சிரித்திருக்கிறேன். யாருக்காகத் தெளிக்கிறார்கள் என்று விளங்க எனக்கு நாற்பது வயதானது.

என் அண்ணன் பாத்திரம் வந்தது மூன்று கிழமை லீவில். அதற்குள் மதில் வேலை, சொந்தக்காரர் வீட்டு விருந்துகள். குசினி வாசலில் நின்றது ஐந்து நிமிசம் இருக்குமா? அவர் கெட்டவரென்று நான் எழுதவில்லை. அவர் அழுததும் உண்மையான அழுகைதான். அவசரப்பட்டார், அவ்வளவே.

கடைசியாக ஒன்று. அவள் பதிலே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறாள், அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பாருங்கள். அவள் கையில் இருப்பது கெளுத்தி. வாவிக் கெளுத்தியின் முள் குத்தினால் இரவு முழுக்கக் கடுக்கும்; வெளிநாட்டில் இருந்தவருக்கு மறந்திருக்கும். அவர் பேசத் தொடங்கிக் கிட்ட வரும்போது அவள் தலை நிமிராமல் சொல்வது இதுதான்: "அங்கால இருங்கண்ணா, முள்ளுக் குத்திரும்."