பூஸ்டர் போட்டதும் படம் ஏன் உடைகிறது?

கேள்வி: தூரத்து டிவி சேனல் ஒன்று சுமாராக வந்துகொண்டிருந்தது. நன்றாக வரட்டும் என்று ஆன்டெனாவில் பூஸ்டர் போட்டேன். இப்போது அது வரவே இல்லை. அருகிலுள்ள நிலையத்தின் சேனல்களும் கட்டம் கட்டமாக உடைகின்றன. டிவியில் சேனலைப் பிடிக்கும் டியூனருக்குள் ஏஜிசி இருக்கிறதே, சிக்னல் கூடினால் அது தானாகக் குறைத்துக்கொள்ளாதா?

பதில்: குறைத்துக்கொள்ளும். ஆனால் எதை அளந்து குறைக்கிறது, எந்த இடத்தில் குறைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன். டியூனர் வடிவமைப்பிலேயே என் வேலைக்காலம் போனது. இதைப் போல எனக்குப் பிடித்த கேள்வி வேறில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிக்னலின் பலத்துக்கு ஏற்பக் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, தானே மாற்றிக்கொள்ளும் ஏஜிசி பழைய யோசனை. அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் வீலர் 1920-களின் நடுவிலேயே ரேடியோவுக்கு இதைச் செய்துவிட்டார். கேட்கும் நிலையம் பலமா, பலவீனமா என்று பார்த்துக் கெயினை மாற்றினால் அன்றைக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் டியூனரின் நிலைமை வேறு. அதன் முதல் பெருக்கிக்குள் நீங்கள் கேட்ட சேனல் மட்டும் நுழைவதில்லை. ஆன்டெனா பிடித்த அத்தனையும் நுழைகிறது. ஒரு சேனலைக் கறாராகப் பிரித்தெடுக்கும் ஃபில்டர், அதிர்வெண்ணை மாற்றும் மிக்சருக்கு அப்புறம்தான் வருகிறது. அந்த ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் அளந்தால், 'சிக்னல் பலவீனமாக இருக்கிறதே' என்று ஏஜிசி முன்பக்கக் கெயினை முழுதாக ஏற்றிவிடும். பக்கத்திலுள்ள பலமான சேனல்களோ ஏற்கெனவே முதல் பெருக்கியைத் திணறடித்துக்கொண்டிருக்கும்.

திணறும் பெருக்கி, இல்லாத சிக்னல்களை உண்டாக்கும். 30, 33-ஆம் சேனல்கள் பலமாக வந்தால் 27-லும் 36-லும் பொய் சிக்னல் முளைக்கும். உங்கள் தூரத்துச் சேனல் 36-ல் இருந்தால் கதை முடிந்தது. சோதனை மேசையில் இரண்டு சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே வரும் சிக்னலை 10 டெசிபல், அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்காக, குறைத்தால் அளவுக்கருவியின் திரையில் நிஜ சிக்னல் ஒரு கட்டம் இறங்கும். பொய் சிக்னல் மூன்று கட்டம் இறங்கி இரைச்சலுக்குள் மறைந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

அப்படியானால் முன்பக்கக் கெயினை எப்போதும் குறைத்தே வைக்கலாமே? கூடாது. முதல் பெருக்கியின் கெயின் குறைந்தால் பின்னால் உள்ள பகுதிகளின் இரைச்சல் தலைதூக்கும். ரேடியோ பொறியாளர் ஃப்ரிஸ் 1944-ல் வெளியிட்ட சூத்திரம் சொல்வது இதைத்தான். ஆகவே பலவீனமான சிக்னலுக்கு முன்பக்கத்தை முழு கெயினில் விட்டு, பின்பக்கத்தில் மட்டும் சரிசெய்வார்கள். ஒரு அளவைத் தாண்டினால்தான் முன்பக்கம் குறைய ஆரம்பிக்கும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் டியூனரின் தரமே இருக்கிறது என்பேன். நல்ல டியூனர் அதை நிரந்தரமாகப் பூட்டி வைக்காது. முன்பக்கம் வரும் மொத்த சக்தியையும், ஃபில்டருக்குப் பின் வரும் சேனலையும் தனித்தனியே அளக்கும். முன்பக்கத்தை ஒரு படி குறைத்துப் பார்த்து, பிழைகள் குறைந்தால் அங்கேயே நிற்கும், கூடினால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

உங்களுக்கு ஒரு சோதனை: சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டனுவேட்டர் ஒன்றை டிவிக்கு முன்னால் போடுங்கள். பூஸ்டருக்குக் கேபிள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது என்றால், மின்சாரம் சேரும் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில்தான் போட வேண்டும். படம் சீரானால் திணறியது டியூனர். சீராகவில்லை என்றால் பூஸ்டரே திணறுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏஎம், எஃப்எம், டிஏபி (டிஜிட்டல் ரேடியோ), டிவி எல்லாவற்றுக்கும் ஒரே டியூனர் சிப் வந்துவிட்டது. ஏஜிசியும் ஒன்றே போதாதா?

பதில்: சுற்று ஒன்றாக இருக்கலாம், அது நடந்துகொள்ளும் விதம் ஒன்றாக இருக்க முடியாது. ஏஎம்மில் ஒலியே அலையின் உயரத்தில்தான் இருக்கிறது; ஏஜிசி வேகமாக ஓடினால் பாட்டின் அடிநாதத்தையே சமன்செய்து தின்றுவிடும். எஃப்எம்மில் உயரத்தில் செய்தி எதுவும் இல்லை, எவ்வளவு வேகமாகவும் ஓடலாம்.

பழைய அனலாக் டிவியில் பெரும்பாலான முறைகளில் படத்தின் ஒவ்வொரு வரியும் தொடங்குவதைக் காட்ட வரும் சிங்க் துடிப்புதான் உச்சம், அதை அளந்தால் போதும். பிரான்ஸின் எல் முறையில் இது தலைகீழ்: சிங்க் வரும்போது அலை மிகக் குறைவு, உச்சம் வெள்ளையில். அங்கே அதே ஏஜிசியைப் போட்டால் படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கெயின் ஆடும்.

டிஏபி இன்னும் சுவாரசியம். 96 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுமார் 1.3 மில்லிசெகண்ட் நிலையம் வேண்டுமென்றே மௌனமாகிறது, ரிசீவர் நேரக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வதற்காக. அதைச் சிக்னல் போய்விட்டதாக எண்ணி ஏஜிசி கெயினை ஏற்றினால், அடுத்து வரும் முக்கியமான சிம்பல் (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டு) வெட்டுப்பட்டு நாசமாகும். டிஜிட்டல் டிவிக்கான டிவிபி-டி 8கே முறையில் ஒரு சிம்பல் 896 மைக்ரோசெகண்ட். அதற்கு நடுவில் கெயின் ஒரு படி தாவினால் தகவலைச் சுமக்கும் 6,817 கேரியர் அலைகளும் ஒன்றோடொன்று கலங்கும். தாவ வேண்டுமென்றால் சிம்பல்களுக்கு இடையிலுள்ள காவல் இடைவெளியில் தாவுவது நல்லது. அதோடு இந்த டிஜிட்டல் அலைகளின் உச்சங்கள் சராசரியைவிட மிக உயரமானவை. அலையை எண்களாக மாற்றும் ஏடிசியின் வாசலில் 10 டெசிபலுக்குக் குறையாமல் இடம் விட்டு வைப்பது வழக்கம். எஃப்எம்முக்கு அந்த இடம் வீண்.

ஆக, தான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று டியூனருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: செட்டிங்கில் சிக்னல் பட்டை முழுதாக இருக்கிறது, படம் மட்டும் உறைகிறது. பட்டை பொய் சொல்கிறதா?

பதில்: பல பெட்டிகளில் அந்தப் பட்டை, ஏஜிசி எவ்வளவு குறைத்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்டது. சக்தி எவ்வளவு வருகிறது என்றுதான் அதற்குத் தெரியும். அது உங்கள் சேனலா, பொய் சிக்னலா, இரைச்சலா என்று தெரியாது. பக்கத்தில் 'தரம்' என்று இன்னொரு பட்டை இருக்கும். ஆன்டெனாவைத் திருப்பும்போது அதைப் பார்த்துத் திருப்புங்கள்.